குளிர்ப் பூக்களின் பட்டம்

சென்னையில் தமிழக அரசு நடத்தும் மலர்க் கண்காட்சி முதன்முதலில் 2022 ஜூன் மாதம் கலைவாணர் அரங்கில் நடந்தது. 2024-ல் அது பிப்ரவரிக்கு வந்தது; இடம் செம்மொழிப் பூங்கா. 2025-ல் ஜனவரி 2-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. வெயில் 38 டிகிரியைத் தொடும் ஜூனிலிருந்து மார்கழிக்கு ஒரு கண்காட்சி நகர்ந்து வந்ததில் பூச்செடி வளர்ப்பவர்கள் யாருக்கும் வியப்பு இருந்திருக்காது. பெட்டூனியாவும் பேன்சியும் டயாந்தஸும் சமவெளியில் செழிப்பது அப்போதுதான். ஆனால் இதே செடிகளை வைத்து ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மே மாதம் கண்காட்சி நடக்கிறது. கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவிலும் மே மாதம்தான். இலங்கையில் நுவரெலியாவுக்கு ஏப்ரல். பெங்களூரு லால்பாக்கில் குடியரசு தினத்தை ஒட்டி. தில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தைப் பிப்ரவரியில் மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். பூ ஒன்றுதான், மாதம் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது.

இதில் பாதியை ஒரு சின்னக் கணக்கு விளக்கிவிடும். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஜனவரி விடியற்காலையில் சென்னையின் வெப்பம் ஏறத்தாழ 21 டிகிரி. பெங்களூரு 900 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. 6 டிகிரி கழித்தால் 15. ஊட்டி 2,240 மீட்டர். கழித்தால் 6, 7 டிகிரி வரும். வானிலைப் பதிவுகளிலும் கிட்டத்தட்ட இதே எண்கள்தான் இருக்கின்றன. ஆகவே தை மாதம் ஊட்டியில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். பூச்செடி அடங்கியிருக்க வேண்டிய பருவம் அது. பகலில் 22, இரவில் 11 அல்லது 12 என்று மே மாதம்தான் அங்கே இங்கிலாந்தின் கோடைக்கு இணையான பதம் அமைகிறது. சென்னைக்கு அந்தப் பதம் எந்த மாதத்திலும் வாய்ப்பதில்லை. அதற்குச் சற்று நெருங்கி வருபவை மார்கழியும் தையும்.

மீதிப் பாதிதான் எனக்கு அதிகம் பிடித்த பகுதி. அதைப் புரிந்துகொள்ள, இந்தச் செடிகளைப் பற்றி நாம் வைத்திருக்கும் ஓர் எண்ணத்தைத் திருப்பிப் போட வேண்டும். இவை குளிர்நாட்டுச் செடிகள், நாம் வெயில் நாட்டுக்காரர்கள், ஏதோ முரட்டுத்தனமாக இங்கே வளர்த்துப் பார்க்கிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இவற்றில் பலவற்றின் பூர்வீகம் மத்தியதரைக் கடலோரம். காலண்டுலா, ஸ்னாப்டிராகன், அலிசம் எல்லாம் அந்தக் கரைகளைச் சேர்ந்தவை. ஸ்வீட் பீயின் ஊர் சிசிலி. பிரான்செஸ்கோ குபானி என்ற துறவி 1699-ல் அதன் விதைகளை இங்கிலாந்தில் ராபர்ட் யூவ்டேல் என்ற ஆசிரியருக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கரைகளில் மழை பெய்வது குளிர்காலத்தில். கோடை கடும் வறட்சி. அங்கே பிறந்த ஒரு பருவச் செடி மழையோடு முளைத்து, குளிரில் வளர்ந்து, இளவேனிலில் பூத்து, கோடை சுடத் தொடங்குமுன் விதையைக் கொட்டிவிட்டுச் சாகும். அடுத்த மழை வரும்வரை விதை மண்ணில் கிடக்கும். வெயிலை வெல்ல முடியாது என்பதால் வெயிலுக்குமுன் வாழ்ந்து முடித்துவிடுவதுதான் அதன் வழி.

இங்கிலாந்தில் குளிர்காலம் கடுமை என்பதால் தோட்டக்காரர்கள் இவற்றில் பலவற்றை மார்ச், ஏப்ரலில் விதைக்கப் பழகினார்கள். விதைப் பொட்டலத்தின் முதுகில் அச்சாகி வருவது அந்தப் பழக்கம். செடியின் பிறந்த ஊர் நாள்காட்டி அது அல்ல. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து மாசிக்குள் பூப்பார்க்கும் நம் சமவெளித் தோட்டக்காரர், லண்டன் தோட்டக்காரரைவிடச் சிசிலியின் வழக்கத்துக்கு அருகில் இருக்கிறார். தென்கோளத்தில் ஆஸ்திரேலியர்களும் அப்படியே. அவர்களுக்கு மார்ச் மாதம் இலையுதிர்காலத் தொடக்கம். மார்ச் 17, புனித பேட்ரிக் தினத்தன்று ஸ்வீட் பீ விதைப்பது அங்கே தலைமுறைகளாக வரும் வழக்கம்.

குளிரைத் தாங்கும் ஆற்றல் இவற்றுக்கு நிச்சயம் உண்டு. சில நாள் 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் பேன்சி தன் செல்களில் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளும். செல் சவ்வின் கொழுப்பு, குளிரிலும் இறுகாத வகையாக மாறும். பனிக்கட்டி உருவானாலும் செல்லுக்கு உள்ளே உருவாகாமல் இடைவெளிகளில் உருவாகும். சென்னையிலும் மதுரையிலும் இந்த ஆற்றலுக்கு வேலையே இல்லை. இங்கே செடியை ஆட்டிவைப்பது வெயில், அதிலும் இரவின் வெப்பம். எப்போது விதைப்பது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் அதுதான்.

முதலில் விதை. கோடை முடிந்து செப்டம்பரில் நல்ல ஒரு மழை பெய்ததும், இனிக் குளிர்தான் என்று நம்பிப் பேன்சி விதைக்கிறோம். தட்டு ஈரமாக இருக்கிறது, காற்று இருக்கிறது, விதையும் புதிது. ஆனாலும் முளை வருவதில்லை. பேன்சி விதைக்கு உகந்தது 18 முதல் 21 டிகிரி. 30-ஐத் தாண்டினால் பெரும்பாலான விதைகள் முளைக்க மறுத்துவிடும். கோடையில் தப்பித் தவறி ஒரு மழை பெய்தால் அதை நம்பி முளைத்துச் சாகக் கூடாது என்பதற்காகப் பரிணாமம் இந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்திருக்கும் பாதுகாப்பு இது. விதைக்குக் கண் இல்லை, நாள்காட்டி இல்லை. இது மழைக்காலத்து ஈரமா, கோடையில் திசைமாறி வந்த ஈரமா என்று அது தெரிந்துகொள்வது மண்ணின் வெப்பத்தை வைத்துத்தான்.

இது எப்படி நடக்கிறது என்பதை லெட்யூஸ் கீரையில் நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதுவும் மத்தியதரைக் கரை வழிவந்த செடி, அதன் விதைக்கும் இதே குணம். விதைக்குள் இரண்டு ஹார்மோன்கள் எதிரெதிராக நிற்கின்றன. ஜிப்பரெலின் முளைக்கச் சொல்கிறது. அப்சிசிக் அமிலம் பொறு என்கிறது. ஈரம் பட்டதும் வழக்கமாக அப்சிசிக் அமிலம் குறையும், கருவைச் சுற்றியுள்ள உறை இளகும், வேர் எட்டிப் பார்க்கும். வெப்பம் கூடியிருந்தால் விதை அந்த அமிலத்தைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது, உறை இளகுவதில்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கென்ட் பிராட்ஃபோர்டின் குழு இதற்குப் பின்னால் இருக்கும் மரபணுவையே அடையாளம் கண்டது. அதை அடக்கியபோது, வழக்கமாக அசையாமல் கிடக்கும் வெப்பத்திலும் விதை முளைத்தது. கடுகளவுகூட இல்லாத ஒரு விதைக்குள் வெப்பமானியும் தீர்ப்பும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

தோட்டக்காரருக்கு இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. சூட்டிலும் ஈரத்திலும் நெடுநாள் கிடந்த விதை சிலவகைச் செடிகளில் இன்னும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும். பிறகு குளிர்ந்தாலும் எழாது. அதனால் அவசரப்பட்டு முன்கூட்டி விதைப்பது நேரத்தை மிச்சப்படுத்தாது, விதையைத்தான் வீணாக்கும்.

அடுத்தது இரவு. இலை பகலில் சர்க்கரை செய்கிறது. சுவாசம் இரவும் பகலும் நடக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் சுவாசத்தின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 15 டிகிரி இரவில் ஒரு பேன்சி செலவழிப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கை 25 டிகிரி இரவில் அது செலவழிக்கிறது. பகல் முழுக்கச் சம்பாதித்த கூலியை விடியுமுன் வாடகைக்கே கொடுத்துவிட்ட குடும்பத்தின் நிலை அது. மொட்டுக்குப் போய்ச்சேர மிச்சம் குறைவு. இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. வெப்பத்தில் மொட்டு வேகமாக முதிர்கிறது, இதழில் செல்கள் பெருகவும் விரியவும் கிடைக்கும் நாட்கள் குறைகின்றன. சின்னப் பூ சீக்கிரம் மலர்ந்து சீக்கிரம் வாடுகிறது.

இதை எந்த வீட்டு வாசலிலும் பார்க்கலாம். டிசம்பரில் ஓசூர், பெங்களூரு நாற்றுப் பண்ணைகளிலிருந்து பூத்த பேன்சித் தொட்டிகள் சென்னைக்கு வருகின்றன. வாங்கிவரும் அன்று உள்ளங்கையை அடைக்கிற பூ. கறுப்புத் திட்டோடு ஒரு முகம் நம்மைப் பார்ப்பதுபோலவே இருக்கும். (அந்தத் திட்டு இயற்கையில் வெறும் மெல்லிய கோடுகளாக இருந்தது. இங்கிலாந்தில் ஐவர் என்ற ஊரில் வில்லியம் தாம்ப்சன் என்ற தோட்டக்காரர் 1830-களில் தேர்ந்தெடுத்து வளர்த்த செடிகளிலிருந்துதான் அது முகமாயிற்று.) மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். அதே செடி, அதே உரம், அதே கவனிப்பு. பூ மட்டும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக வருகிறது. வளர்ப்பவர் தன்னை நொந்துகொள்கிறார். அவர்மீது குற்றமில்லை. முதலில் வந்த பூக்களின் இதழ்கள் மேட்டுநிலத்தின் 15 டிகிரி இரவுகளில் உருவானவை. பிறகு வந்தவை சென்னை இரவுகளில் உருவானவை. பேன்சியின் சின்ன உறவான வயோலா வகை இந்த இழப்பை நன்றாகத் தாங்கும். பூ முதலிலேயே சிறிது, எண்ணிக்கை அதிகம். கடலோர ஊர்களில் பேன்சிக்குப் பதில் வயோலாவைத்தான் நான் சொல்வேன்.

வெப்பத்தைத் தவிரப் பகலின் நீளமும் ஒரு கை பார்க்கிறது. இதில் அதிகம் சிக்குவது ஸ்வீட் பீ. 1900-ஐ ஒட்டி, பின்னாளில் இளவரசி டயானாவின் குடும்ப வீடு என்று உலகம் அறிந்த ஆல்தார்ப் மாளிகையில், சிலாஸ் கோல் என்ற தலைமைத் தோட்டக்காரர் கண்டெடுத்த அலையலையான இதழ் கொண்ட ‘கவுண்டஸ் ஸ்பென்சர்’ வகை புகழ்பெற்றது. இன்றும் விதைக்கடையில் ஸ்வீட் பீ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது அதன் வழிவந்த ஸ்பென்சர் வகைகள். அவை பூக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம் இருக்க வேண்டும். லண்டனில் டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் குறைவான பகல், ஜூனில் 16 மணி நேரத்துக்கும் மேல். அங்கே கோடையில் தானாகப் பூத்துவிடும். சென்னையில் மிகக் குறுகிய பகல் 11 மணி 20 நிமிடம், மிக நீண்டது 13 மணிக்குச் சற்றுக் குறைவு. 12 மணி நேரத்தை அது தாண்டுவது மார்ச் நடுவில். அக்டோபரில் விதைத்த ஸ்பென்சர் கொடி தை முழுக்க ஏறிப் படர்ந்து இலையாக நிற்கும். பூக்க நினைக்கும் வேளையில் பங்குனி வெயில் அதைக் கருக்கிவிடும். அமெரிக்காவில் அன்டன் ஸ்வோலானெக் போன்றவர்கள் குளிர்காலத்தில் வெட்டுப்பூ எடுப்பதற்காக உருவாக்கிய வகைகள் வேறு. அவை 10 மணி நேரப் பகலிலேயே பூக்கும். விதை வாங்கும்போது குளிர்காலத்தில் பூக்கும் வகை என்று கேட்டு வாங்குவதில்தான் முழு வெற்றியும் இருக்கிறது. தவறான வகைக்கு எந்தத் தேதியும் சரியான தேதி ஆகாது.

எந்தத் தேதியிலும் நம் சமவெளியில் பூக்காத சிலவும் உண்டு. அவற்றைக் குளிர் தாங்கிகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்டாக் என்ற மணமுள்ள பூ, வெப்பம் 16, 18 டிகிரிக்குக் கீழே சில வாரம் இருந்தால்தான் மொட்டே வைக்கும். டியூலிப் கிழங்குக்கு 9 டிகிரிக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் வேண்டும். குளிரின் இந்தத் தூண்டுதலை 1918-ல் ஜெர்மானியர் குஸ்டாவ் காஸ்னர் தானியங்களில் விரிவாக ஆராய்ந்தார். பின்னாளில் நார்விச் நகரில் கரோலின் டீனின் ஆய்வுக்கூடம், பூப்பதைத் தடுத்து நிற்கும் ஒரு மரபணுவை நீண்ட குளிர் எப்படி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அணைக்கிறது என்று காட்டியது. ஒருநாள் குளிரைப் பார்த்துச் செடி ஏமாறாமல் இருப்பதற்கு அந்த நிதானம்தான் காரணம். டியூலிப் ஆசை விடாதவர்கள் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். ஆப்பிளோடு சேர்த்து வைத்தால் அது வெளியிடும் எத்திலீன் உள்ளிருக்கும் பூக்கருவைக் கொன்றுவிடும்.

இனி நம் சமவெளிக்கு வருவோம். வட இந்தியாவுக்கு எழுதிய தோட்ட நூல்கள் செப்டம்பர், அக்டோபரில் விதைக்கச் சொல்லும். அங்கே அப்போது மழை ஓய்ந்துவிடும், வானம் தெளிவாக இருக்கும். நமக்கோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. டிசம்பர் நடுவில் மழை தணிந்து, பிப்ரவரி முடிவில் பகல் 31, 32 ஆவதற்குள் கடலோரத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 10 வாரம். பேன்சி, ஸ்னாப்டிராகன் விதையிலிருந்து பூவுக்கு வர 12 முதல் 15 வாரம் ஆகும். ஆக, செடியின் இளமையில் பாதியை மழைக்கும் புழுக்கத்துக்கும் நடுவே, கூரைக்கு அடியில் கடத்தியாக வேண்டும். நம் பட்டத்தின் முடிச்சு இதுதான்.

புரட்டாசிக் கடைசியில் பேன்சியைக் குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி விதைத்து, வெளிச்சம் படாமல் மூடி, வீட்டிலேயே மிகக் குளிர்ந்த அறையில் வைக்க வேண்டும். ஏசி ஓடும் அறையாக இருந்தால் நல்லது. முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் தண்டு நூலாக நீண்டுவிடும். பெட்டூனியா இதற்கு நேர்மாறு. தென்னமெரிக்கச் செடியான அதற்கு 24, 25 டிகிரியே முளைக்கப் போதும், வெளிச்சமும் தேவை. ஒரு கிராமில் ஏறத்தாழ 10,000 விதைகள் இருக்கும் அந்தத் தூளை மண்போட்டு மூடவே கூடாது.

ஐப்பசி அடைமழையில் நாற்றை அழிப்பது வெள்ளமல்ல, நாற்றழுகல். காலையில் தட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இலைகள் இரண்டும் பச்சையாக, நலமாகவே இருக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நீர் கோத்து, கண்ணாடிபோல் வெளிறி, ஒரு முடியளவுக்குச் சுருங்கியிருக்கும். மதியத்துக்குள் நாற்று சாய்ந்துவிடும். மறுநாள் அதைச் சுற்றியுள்ள நாற்றுகளும் வட்டமாகச் சாயும். பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரின் வேலை இது; நீரில் நீந்திப் பரவக்கூடியது. மேலிருந்து தண்ணீர் தெளிக்காமல், தட்டின் அடியில் நீர்வைத்து உறிஞ்சவிட்டுப் பிறகு வடித்துவிடுவதும், நெருக்கி விதைக்காமல் காற்றோட்டம் விடுவதும், நார்க்கழிவில் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பதும் பெருமளவு காப்பாற்றும்.

ஃப்ளாக்ஸ் 9, 10 வாரத்தில் பூக்கும். ஐப்பசிக் கடைசியில் விதைத்தால் தையில் பூ நிச்சயம். டெக்சாஸ் மண்ணிலிருந்து தாமஸ் டிரம்மண்ட் 1835-ல் அனுப்பிய விதையின் வழிவந்த அது, நம் ஊர் வெயிலை மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பொறுக்கும். முதல்முறை முயல்பவர்களுக்கு இதையும் அலிசத்தையும்தான் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். நாஸ்டர்ஷியமும் அலிசமும் ஏழெட்டு வாரச் செடிகள். கார்த்திகை தீபம் முடிந்து மழையின் வேகம் தணிந்தபின் நேரடியாகத் தொட்டியிலேயே ஊன்றலாம். நாஸ்டர்ஷியத்தைப் பிடுங்கி நடுவது அதற்கு ஆகாது. உரம் கூடினால் இலைதான் பெருகும்.

கோவை 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரண்டு மூன்று டிகிரி சலுகை உண்டு. பூக்காலம் அதற்கேற்பச் சற்று நீளும். சென்னையின் கான்கிரீட் மாடிக்கு நேர்மாறான கதை. பகலெல்லாம் குடித்த வெப்பத்தைத் தளம் இரவில் விடுவதால், வானிலை அறிக்கை சொல்லும் 21 டிகிரி அந்தத் தொட்டிகளுக்குக் கிடைப்பதே இல்லை. தொட்டிகளைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி வைப்பது, கறுப்புப் பைக்குப் பதில் நீர் கசியும் மண் தொட்டி, மதியத்துக்குமேல் நிழல் விழும் கிழக்குப் பக்கம், மண்ணின்மேல் காய்ந்த இலை மூடாக்கு என்று வேரைக் குளிரவைக்கும் ஒவ்வொன்றும் பூக்காலத்தைச் சில நாள் நீட்டிக்கும். வாடிய பூவை விதை பிடிக்குமுன் கிள்ளிவிடுவதும் அப்படியே. விதை பிடித்துவிட்டால் தன் வேலை முடிந்தது என்று செடி முடிவு செய்துவிடும்.

மாசி நடுவில் கிள்ளுவதை நிறுத்திவிடலாம். ஃப்ளாக்ஸ், காலண்டுலா, நாஸ்டர்ஷியம் மூன்றும் பருவத்தின் கடைசிப் பூக்களிலிருந்து விதை தரும். ஃப்ளாக்ஸ் காய் வெடித்து விதையைத் தூர எறிந்துவிடும் என்பதால், காய் பழுப்பேறியதும் செடியைத் தாள் பைக்குள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். எஃப்1 (கலப்பின விதை) என்று அச்சிட்ட பொட்டலத்திலிருந்து வளர்த்த பேன்சி, பெட்டூனியா விதைகளைச் சேர்க்க வேண்டாம், தாயைப்போல வராது. நன்றாக உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத சின்னப் புட்டியில் போட்டு, பெயரும் மாதமும் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைத்துவிட்டால் அடுத்த புரட்டாசிக்கு அது தயார்.